ஏழு மீட்டர்

எங்கள் நால்வரில் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் பட்டப்பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எல்லாரையும்விட உயரமாக இருந்தவன் நெட்டை. கடைக்குப் போனால் மிச்சச் சில்லறையை மூன்று தடவை எண்ணுகிறவன் கணக்கு. பள்ளி திறந்த முதல் நாள் புதுச் சப்பாத்தோடு வந்து, தூங்கும்போதும் அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தவன் பாட்டா. நான் ஆசிரியரான பிறகு என் பழைய பட்டப்பெயர் போய் வாத்தி ஆனேன். பழையது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

2019இல் நாங்கள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். கடலுக்கு அடியில் போய் வரலாம் என்று முதலில் சொன்னவன் பாட்டாதான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஈப்போவில் வாடகைக்குக் கார் ஓட்டினான். பயணி கிடைக்காத நேரத்தில் சாலையோரம் காரை நிறுத்திக் கைத்தொலைபேசியில் கடலடிக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீலத் தண்ணீர், ஆமை, மூச்சுவிடும் சத்தம், அவ்வளவுதான். பேச்சே கிடையாது. அதைப் பார்த்தால் மனசு அடங்குகிறது என்பான்.

"எப்ப பார்த்தாலும் கேமரன் மலை, இல்லாட்டி பினாங்கு. சாவறதுக்குள்ள ஒரு தடவ கீழ போய்ப் பார்த்துட்டு வந்துடணும்டா."

கணக்கு உடனே அட்டவணை போட்டுவிட்டான். பெர்ஹெந்தியான் தீவு. முக்குளிப்புப் பயிற்சிக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி, நான்கு பேராக வந்தால் மட்டும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 150 வெள்ளி கூடும். படகுக்குப் போக வர 70. மின்விசிறி மட்டும் உள்ள அறையில் நான்கு பேர். சாப்பாடு ஒரு நாளைக்கு 25க்கு மேல் போகக்கூடாது. பேருந்து வேண்டாம், நெட்டையின் மைவி போதும். பள்ளி விடுமுறையில் எல்லா விலையும் ஏறியிருக்கும், ஆனால் வேறு நாளில் எனக்கு விடுப்புக் கிடையாது. "வாத்தியால நமக்கு எவ்ளோ நட்டம் தெரியுமா?" என்று அதற்கும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்திருந்தான். பாட்டா தன் பங்கைச் சேர்க்க மூன்று மாதம் இரவு ஓட்டம் ஓட்டினான்.

எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நீச்சல் தெரியாது. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் பழைய ஈயக் குட்டைகள் இருந்தன. மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள். மேலே பார்த்தால் ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். கரை மட்டும் சட்டென்று இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது அதில் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் அம்மா எனக்குப் பதினெட்டு வயது வரை தண்ணீரில் கண்டம் இருப்பதாகச் சாதகத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்லி வளர்த்தார். பெரியவனான பிறகு விசாரித்தால் நெட்டைக்கும் அதே கண்டம், கணக்குக்கும் அதே கண்டம். லயத்து அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து பேசிவைத்து எங்கள் தலையில் கட்டிய கண்டம் அது. பயிற்சியில் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும் என்று தெரிந்ததும், ஈப்போ பொது நீச்சல் குளத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டேன். அதில் இரண்டு பேர் என் மாணவர்கள்.

ஆகஸ்டு விடுமுறையில் பின்னிரவு இரண்டு மணிக்குக் கிளம்பினோம். கோலகங்சார், கிரிக், அதன் பிறகு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகைகள் மாறி மாறி வந்தன. யானை வரவில்லை, சாணம் மட்டும் சாலையில் கிடந்தது. சாலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறும் இடத்தில் ஓர் ஓய்விடம் இருக்கிறது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நெட்டையும் கணக்கும் கழிவறைக்குப் போனார்கள். நான் காரைச் சுற்றிப் பின்பக்கம் வந்தபோது பாட்டா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். புஸ் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் புஸ்.

திரும்பியவன் கையில் நீல நிற மூச்சுக்குழாய் மருந்து இருந்தது. "குளிரு" என்றான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவனுக்கு இழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரிந்ததுதான். அவன் வீடு ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகைக்குப் பக்கத்து லயத்தில் இருந்தது. நாங்கள் மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது ஒரு நடுராத்திரியில் அவன் அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாட்டாவின் மூச்சு அன்று எழுப்பிய சத்தம், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் முன் கெண்டி போடுமே, அந்த மெல்லிய விசில். பெரியவனானதும் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

கோல பெசுட்டிலிருந்து விரைவுப் படகில் அரை மணி நேரம். மலாய் மொழியில் பெர்ஹெந்தியான் என்றால் நிற்குமிடம். பேருந்து நிறுத்தத்துக்கும் அதே சொல்தான். பழங்காலத்து வணிகக் கப்பல்கள் வழியில் நின்று போன தீவுகள் என்பதால் அந்தப் பெயர். "ஆயிரத்து முந்நூறு வெள்ளி குடுத்து பஸ் ஸ்டாப்புக்கு வந்திருக்கோம்" என்றான் கணக்கு. பெரிய தீவு பெசார், சின்னத் தீவு கெச்சில். மலிவு விலைக்காரர்கள் போவது கெச்சிலுக்கு. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து யாருக்கும் அதற்குமேல் பேச்சு வரவில்லை. காணொளியில் பார்த்த நீலம் பொய்யில்லை.

முக்குளிப்புக் கடை என்பது மணலில் நின்ற ஒரு பலகைக் கொட்டகை. பயிற்சியாளர் ஒரு கிளந்தான்காரர். எங்களைவிட இளையவராக இருந்தாலும் எல்லாரும் அவரை அபாங் என்றே அழைத்தோம். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் அவர் என்னைச் சிக்கு என்றுதான் கூப்பிட்டார். எங்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்தார்.

உடல்நலப் படிவம். ஒரு பக்கம் நிறையக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுத வேண்டும். ஒரே ஓர் ஆம் இருந்தாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. இதய நோய், வலிப்பு, காதில் அறுவைச் சிகிச்சை என்று போய்க்கொண்டே இருந்த வரிசையில் அந்தக் கேள்வியும் இருந்தது: ஆஸ்துமா, அல்லது மூச்சுவிடும்போது விசில் சத்தம், இப்போதோ முன்பு எப்போதோ. தண்ணீரில் கண்டம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

நான் பாட்டாவைப் பார்த்தேன். அவன் ஒரே வேகத்தில் மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டு போனான். அந்தக் கேள்விக்கு வந்தபோதுகூடப் பேனா நிற்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தான். என் கண்ணைப் பார்த்தான். நான் குனிந்து என் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை வெள்ளைப் பலகையில் படம் போட்டு அபாங் பாடம் நடத்தினார். நல்ல ஆசிரியர். தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. சிலிண்டரிலிருந்து நாம் இழுக்கும் காற்று அந்த அழுத்தத்துக்குச் சமமாக நெருக்கப்பட்டு வருகிறது. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது. அதனால் இந்தத் தொழிலில் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. படிவம் நான்கில் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாயில் விதிதான். அதைக் கண்ணாடிக் குழாயிலும் பாதரசத்திலும்தான் பார்த்திருக்கிறேன். யாருடைய நெஞ்சுக்குள்ளும் வைத்துப் பார்த்ததில்லை.

இழுப்பு உள்ளவர்களுக்கு ஏன் ஆபத்து என்பதையும் ஒரே வரியில் சொன்னார். மூச்சுக் கிளைகள் சுருங்கியிருந்தால் காற்று உள்ளே போகும், ஆனால் வெளியே வரத் தாமதமாகும். மூச்சை அடக்க வேண்டாம் என்று நினைத்தாலும் உள்ளே அடங்கி நின்றுவிடும். மேலே வரும்போது அது விரியும். சிலிண்டர் காற்று ஈரமே இல்லாமல் வறண்டிருக்கும், அதுவே இழுப்பைத் தொடங்கிவைக்கலாம். ஏதாவது ஆகிவிட்டால் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுக்க வேண்டும். லூமுட் கடற்படைத் தளத்து மருத்துவமனையில் ஒன்று இருக்கிறது என்றார். லூமுட் எங்கள் பேராக் மாநிலம். நாங்கள் ராத்திரி முழுக்கத் தாண்டி வந்த மலைக்கு அந்தப் பக்கம்.

"நல்ல வேளை, நாலு பேர் படிவமும் சுத்தம்" என்று முடித்தார். பாட்டா மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கழுத்தளவு தண்ணீரில் பயிற்சி. இறுக்கமான அந்தச் சட்டையை மாட்டிக்கொள்ளவே அரை மணி நேரம் ஆனது. "அப்பா அம்மா பால் வெட்டுன ரப்பரு, இப்ப நம்மள வெட்டுது" என்று நெட்டை முனகினான். அது பால் மரத்து ரப்பர் இல்லை, நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் என்று நான் வாத்தித்தனமாகத் திருத்தினேன். மரத்து ரப்பரின் விலையைச் செயற்கை ரப்பர் எப்படி அமுக்கியது, எங்கள் தோட்டம் எப்படிச் செம்பனை ஆனது என்று தொடர்ந்திருப்பேன், அபாங் தண்ணீருக்குள் இழுத்துவிட்டார். கட்டைவிரலைத் தூக்கினால் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை, மேலே போகிறேன் என்று பொருள். நன்றாக இருந்தால் விரலை வட்டமாக மடக்க வேண்டும். நெட்டை மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி நான்கு தடவை மேலே அழைத்துப் போகப்பட்டான்.

தண்ணீருக்குள் முகக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டி, மூக்கால் காற்றை ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. கண்ணாடி கழன்றதும் மூக்கில் தண்ணீர், தொண்டையில் உப்பு. நெஞ்சுக்குள் அம்மாவின் குரல். ஐந்தாம் தடவை எழுந்து நின்று, போதும், நான் கரையிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது என் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தவன் பாட்டா. எனக்கு எதிரில் மண்டியிட்டு, தன் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினான். கண்ணைத் திறந்துகொண்டு சிரித்தான். நிதானமாக மாட்டினான், ஊதினான், தண்ணீர் போனது. அவன் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்காமல் நானும் செய்தேன். வந்துவிட்டது. எங்கள் நால்வரில் அவன்தான் தண்ணீருக்குப் பிறந்தவன் மாதிரி இருந்தான் என்று அபாங்கே சொன்னார்.

அந்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் விடுதிக்கு மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. விடியும் முன் ஏதோ ஒரு நேரத்தில் அது நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அலைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொரு சத்தமும் இருப்பது தெரிந்தது. பக்கத்துப் படுக்கையில், இழுக்கும்போது இல்லை, விடும்போது மட்டும், அந்தக் கெண்டி விசில்.

காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். காலையில் அவன் முதல் ஆளாக எழுந்து, கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லவில்லை.

எங்கள் முதல் கடல் இறக்கம் பாத்து நீசான் என்ற இடத்தில். பெயருக்குப் பொருள் கல்லறைக் கல். ஆழமில்லாத இடம், புதியவர்களை அங்கேதான் இறக்குவார்கள் என்று அபாங் விளக்கியும் கணக்கு படகில் தேவாரம் முணுமுணுத்தான்.

வாழ்க்கையில் முதல் முறையாகக் கடலுக்கு அடியில் போன ஒருவன் என்ன பார்த்தான் என்று கேட்டால், மற்ற மூவரிடமும் கதை இருக்கிறது. நெட்டை ஒரு ஆமை பார்த்தான். கணக்கு கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் சத்தத்தைக் கேட்டான். நான் பாட்டாவின் குமிழிகளைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நீந்திக்கொண்டு, ஒரு கொத்துக் குமிழி மேலே போனதும் அடுத்த கொத்து எப்போது வரும் என்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வரவில்லை. ஆறில் வந்தது. என் காற்று மற்றவர்களைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனதற்குக் காரணம் அதுதான். அபாங் கைவிரலால் என் அழுத்தமானியைத் தட்டிக் காட்டி, எல்லாரையும் மேலே அழைத்துவிட்டார். அதிக ஆழம் 7 மீட்டர், 31 நிமிடம். பதிவேட்டில் எழுதும்போது பாட்டா என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான்.

ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே வந்தவன் முகக் கண்ணாடியைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் என்றான். மூன்று மாத இரவு ஓட்டமும் அந்த 31 நிமிடத்துக்குத்தான் என்றான். படகில் திரும்பும்போது இருமினான். கரைக்கு வந்ததும் விடுதிப் பக்கம் போனான். நான் பின்னாலேயே போனேன். புஸ். புஸ். புஸ்.

"மூணு தடவ அடிக்கிற."

"வழக்கம்தான்லா."

"அபாங்கிட்ட சொல்லிடுடா."

"சொன்னா?"

"டாக்டர் கையெழுத்து கேப்பாரு."

"இங்க எங்கடா டாக்டரு? கரைக்குப் போவ காசு, டாக்டருக்குக் காசு. அவன் கையெழுத்துப் போடலன்னா கட்டுன ஆயிரமும் போச்சு. நீயா குடுப்ப?"

"குடுக்கறேன்."

"உன் காசு எனக்கு எதுக்கு?" என்றவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "முந்தாநாளு படிவம் எழுதுனப்ப எங்கடா பார்த்துக்கிட்டு இருந்த?"

எனக்குப் பதில் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது இறக்கத்துக்குச் சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்த அபாங்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "சிக்குவுக்கு எப்பவிருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் ஆண்டிலிருந்து என்று சொல்ல வாய் வந்தது. முந்தாநாள் என்றேன். அதுவும் பொய்தான்.

பாட்டாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். இழுப்பு இருந்தவர்கள் எல்லாருக்கும் தடை இல்லை, முறையாகப் பரிசோதித்து, அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் இறங்குகிறவர்கள் உண்டு, ஆனால் இன்று இல்லை என்று சொன்னாராம். பணம் திரும்ப வரவில்லை. படிவத்தில் பொய்யான தகவல் கொடுத்தால் பயிற்சிக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அதே படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் மூவருக்கும் நால்வர் விலை அப்படியே இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை.

அன்று இரவு பாட்டா எங்களோடு சாப்பிட வரவில்லை. கணக்கு நாசி கோரெங்கைக் கிளறிக்கொண்டே சொன்னான்:

"ஒன்னு, படிவம் எழுதுனப்பவே சொல்லியிருக்கணும். அவன் காசு திரும்பி வந்திருக்கும், நமக்கு நூத்தம்பது கூடியிருக்கும். இல்லாட்டி கடைசி வரைக்கும் சொல்லியிருக்கக்கூடாது. நீ ரெண்டும் இல்லாம நடுவுல சொன்ன. நடுவுல சொன்னதுல யாருக்கு மட்டும் நட்டம் பாரு."

நெட்டை அதட்டினான். "செத்துக் கித்துப் போயிருந்தா அட்டவணைல எந்த வரிடா போட்டிருப்ப?" அவர்கள் இருவரும் பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கணக்கு சொன்னதுதான் காதில் நின்றது. அன்று குனிந்து கையெழுத்துப் போட்டபோது நான் நினைத்தது பாட்டாவின் ஆசையையா, என் 150 வெள்ளியையா? அவன் ஆசையைத்தான் என்று பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தொகை இன்றும் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது.

கடைசி இறக்கம் சர்க்கரைக் கப்பல். 2000ஆம் ஆண்டில் சர்க்கரை ஏற்றிவந்து மூழ்கிய சரக்குக் கப்பல். ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் கிடக்கிறது. அடிப்பகுதி 18 மீட்டரில். எங்கள் பயிற்சிக்கு அனுமதித்த உச்ச ஆழமும் அதே 18. அன்று நீர் தெளிவாக இல்லை. பச்சை இருட்டுக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். முதலில் எதுவும் இல்லை. பிறகு கண்ணெதிரே ஒரு சுவர் நின்றது. இரும்பு, அதன்மேல் சிப்பி, அதன்மேல் மீன். கம்பிகளுக்கு நடுவில் சிறு மீன்கள் கூட்டமாக நின்று ஒரே நேரத்தில் திரும்பின. மூங்கில் சுறா ஒன்று இரும்புத் தகட்டுக்கு அடியில் வாலை மடக்கிப் படுத்திருந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இருக்காது, முதல் வாரத்திலேயே கரைந்து போயிருக்கும். இது பாட்டா பார்க்க வேண்டியது என்று நினைத்தேன். நினைத்ததும் மூச்சு வேகமாகியது. எண்ணுவதற்கு முன்னால் யாருடைய குமிழியும் இல்லை.

நாங்கள் திரும்பியபோது அவன் கரையோரத்தில் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் மட்டும் மாட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தான். பாறை ஓரமாகக் கரும்துடுப்புச் சுறாக் குட்டிகள் மூன்று பார்த்ததாக நெட்டையிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.

கிளம்பும் நாளில் எந்த வழியாகப் போகிறீர்கள் என்று அபாங் கேட்டார். கிரிக் சாலை என்றதும் தலையை ஆட்டினார். முக்குளித்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்பது தெரியும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். உயரமான மலைச் சாலைக்கும் அதே கதைதானாம். அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கணக்கின் அட்டவணையில் இல்லாத ஓர் இரவு கோல பெசுட்டில் தங்க வேண்டியதாயிற்று. பாட்டாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவன் இறங்கியது ஒரே தடவை, 7 மீட்டர், அதுவும் இரண்டு நாளுக்கு முன். பேருந்து பிடித்து அன்றே போயிருக்கலாம், மறுநாள் ஓட்டத்துக்கும் போயிருக்கலாம். போகவில்லை. அறை வாடகையில் தன் பங்கைக் கணக்கிடம் எண்ணிக் கொடுத்தான்.

படகுத்துறைக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து கெரோப்போக் லெக்கோர் சாப்பிட்டோம். மீனும் மாவும் பிசைந்து பொரித்தது, திரெங்கானுக்காரர்களின் பண்டம். ஒரே தட்டு, நான்கு கை. கடைசித் துண்டு மிஞ்சியது. சின்ன வயதிலிருந்தே கடைசித் துண்டைக் காட்டி "வாத்தி எடு, கணக்கு எடு" என்று சண்டை நடக்கும். அன்று யாரும் எடுக்கவில்லை. கடைக்காரர் தட்டோடு எடுத்துப் போனார்.

அவன் என்னிடம் மறுபடி சரியாகப் பேச எட்டு மாதம் ஆனது. அதற்குள் 2020 மார்ச்சு 18 வந்து நாடே முடங்கியது. ஓட்டம் இல்லாமல் வீட்டில் கிடந்தவனுக்கு ஒரு நாள் நள்ளிரவில் தொலைபேசி செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தீவிலிருந்து வந்த பிறகு பொது மருத்துவமனைக்குப் போய் ஊதிப் பார்த்ததாகவும், இப்போது காலையும் மாலையும் வேறொரு மருந்தை இழுப்பதாகவும், நீலத்தைத் தொட்டே மூன்று மாதம் ஆகிறது என்றும் சொன்னான். மீண்டும் கடலுக்கு இறங்கலாமா என்று மருத்துவரைக் கேட்டாயா என்று கேட்டேன். "கேக்கல" என்றான். ஆயிரம் வெள்ளியை மெதுவாக எடுத்தேன். "அத மட்டும் பேசாத" என்றான். பிறகு பேசியதில்லை.

போன தீபாவளிக்கு நெட்டையின் வீட்டில் கூடினோம். பிள்ளைகள் பாட்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடலடிக் கதையை அவன்தான் நன்றாகச் சொல்வான். நாங்கள் மூவரும் நான்கு தடவை இறங்கியவர்கள், எங்களிடம் யாரும் கேட்பதில்லை. நெட்டை பார்த்த ஆமை இப்போது அவன் ஆமை. கணக்கு கேட்ட கிளிமீன் சத்தத்தை அவன் பல்லைக் கடித்துச் செய்து காட்டினான். கப்பலும் வந்துவிட்டது, சர்க்கரையோடு. ஒவ்வொரு வருடமும் ஆழம் கொஞ்சம் கூடும். முதலில் பத்து, பிறகு பன்னிரண்டு.

"எவ்ளோ ஆழம் போனீங்க மாமா?" என்றது என் சின்ன மகள்.

"பதினெட்டு மீட்டர்" என்றான்.

அவள் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"ஆமாம்மா, பதினெட்டு" என்றேன். "மாமா பக்கத்துலதான் நான் இருந்தேன்."